முதுகெலும்பு மருத்துவர் செலவுக் கணக்கையும் ஏன் படிக்க வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள் நான். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடியப்போகிறது. முதுகெலும்பு அறுவை சிகிச்சை படிக்க ஆசை. சுகாதாரப் பொருளாதாரமும் என்னை இழுக்கிறது. இரண்டையும் ஒருவரே செய்ய முடியுமா? அப்படியே செய்தாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் அதற்கு என்ன வேலை இருக்கிறது?"

முடியும். உலகில் பலர் செய்கிறார்கள். உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்த இரண்டு படிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டிய ஊர் எது என்று என்னைக் கேட்டால், வெளிநாட்டுப் பெருநகரம் எதையும் சொல்ல மாட்டேன், தர்மபுரியைத்தான் சொல்வேன். பல ஆண்டுகளாக இந்தப் பகுதியில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துவருகிறேன். செலவுக் கணக்கு ஆராய்ச்சியும் கூடவே நடந்துவருகிறது. அந்த நிலையிலிருந்து இதைச் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் பழுப்புக் கறை படிந்த பற்களைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமெல்லாம் இது புதிதில்லை. கடினப் பாறைக்குள் ஆழமாக இறங்கும் போர்வெல் தண்ணீரில், அந்தப் பாறையின் கனிமங்களிலிருந்து கரைந்த ஃப்ளோரைடு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவு. அதற்கு மேல் உள்ள தண்ணீரை இருபது, முப்பது ஆண்டுகள் குடித்தால் பாதிப்பு பல்லோடு நிற்பதில்லை. எலும்பின் தாதுவுக்குள் ஃப்ளோரைடு புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. எலும்பு அடர்த்தியாகிறது, அதோடு, வளைந்துகொடுக்க வேண்டிய தசைநார்களும் எலும்பாக மாறத் தொடங்குகின்றன. ஃப்ளோரோசிஸ் எனப்படும் இந்த நோயை நம் நாட்டில் மருத்துவ உலகம் முதலில் பதிவுசெய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில்.

அந்த நோயாளி என் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புவார். சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது. கால் இறுகி, தரையைத் தேய்த்துக்கொண்டு நடப்பார். எக்ஸ்ரேயில் எலும்பு சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகத் தெரியும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வும் எலும்பாகியிருக்கும். அதுவரை அவரை மூட்டுவாதம் என்று சொல்லிப் பல இடங்களில் மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள். உண்மையில் அவருடைய தண்டுவடம் முன்னும் பின்னும் எலும்பாகிவிட்ட தசைநார்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருக்கிறது. அறுவை சிகிச்சையில் அந்த எலும்பை அதிவேக டிரில்லால் மெல்ல மெல்ல இழைத்து எடுக்க வேண்டும். பல நேரங்களில் தண்டுவடத்தின் உறை அதோடு ஒட்டிப்போயிருக்கும். உறை கிழிந்து நீர் கசியும் ஆபத்து மற்ற முதுகு அறுவை சிகிச்சைகளைவிட அதிகம். எல்லாம் நன்றாக முடிந்தாலும், பெரும்பாலும் நோய் மேலும் முற்றாமல் நிறுத்துகிறோம், ஓரளவு நடையை மீட்கிறோம். இழந்த விரல் நுணுக்கம் முழுதாகத் திரும்புவது அரிது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. கேட்கும்போது தலைசுற்றும் தொகைதான். 2011 கணக்கெடுப்பின்படி தர்மபுரியில் 15 லட்சத்துச் சொச்சம், கிருஷ்ணகிரியில் 18.8 லட்சம், ஆக ஏறத்தாழ 34 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஆறாயிரம் ரூபாய்கூட வரவில்லை. இயக்கும் செலவு, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் தனி. இருந்தாலும் கட்டுமானச் செலவு அவ்வளவுதான். நான் மேலே சொன்ன ஓர் அறுவை சிகிச்சையில் டிரில், தீவிர சிகிச்சைப் பிரிவு, கம்பி, திருகாணி, அதற்குப் பிறகான பிசியோதெரபி என்று சேரும் செலவு இதைப்போலப் பல மடங்கு. அதுவும் பாதி மீட்புக்கு. குழாயில் வந்தால் தலைக்கு ஆறாயிரத்துக்குள் அடங்குவது, ஆபரேஷன் மேஜைக்கு வந்துவிட்டால் லட்சங்களில் போகிறது.

இதோடு பேச்சு முடிந்துவிட்டது, எல்லாப் பணத்தையும் குழாயில் போடலாம் என்று ஒரு பொருளாதார மாணவர் சொல்லக்கூடும். நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறவர் அப்படிச் சொல்ல மாட்டார். முப்பது ஆண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தவருடைய தசைநார், நல்ல தண்ணீர் வந்ததும் இளகிவிடாது. இன்னும் பல ஆண்டுகளுக்கு அவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்வெல்லுக்குத் திரும்பும் வீடுகளும் உண்டு. 2013க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய முதுகெலும்பு எப்படி இருக்கும் என்பது இன்னும் முப்பது ஆண்டுகளில் தெரியும். அதைத் தொடர்ந்து அளக்க, எக்ஸ்ரேயைப் படிக்கவும் தெரிந்து, செலவுக் கணக்கும் போடத் தெரிந்து, இந்த ஊரிலேயே இருக்கப்போகிற ஒருவர் வேண்டும். பொறியாளருக்குக் குழாயின் செலவு தெரியும். தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும் பொருளாதார நிபுணர் நோயின் பாதிப்பை எங்கோ வெளியான சராசரியிலிருந்து எடுத்துக்கொள்வார். அறுவை சிகிச்சைக்கு ஓராண்டு கழித்து நோயாளியின் விரல் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பது அவரைத் திறந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். உங்களுக்கான வேலை அங்கே இருக்கிறது.

சுகாதாரப் பொருளாதாரத்தின் அடிப்படை அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டுக்கு மதிப்பு 1. இறப்புக்கு 0. நடக்க முடியாத வலியோடு வாழும் ஆண்டு நடுவில் எங்கோ இருக்கும். வாழ்நாளை இப்படித் தரத்தோடு பெருக்கி வரும் அலகைத் துறையில் குவாலி என்கிறோம். ஒரு குவாலியைப் பெற எவ்வளவு பணம் செலவாகிறது என்பதே கேள்வி. மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிடும் அமைப்பு, நாட்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி மதிப்பை ஓர் எல்லைக்கோடாக வைத்துக்கொள்கிறது. கணக்கு எளிதாக இருக்க அதை 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு குவாலி கிடைத்தால் செலவுக்கு ஏற்ற பலன் என்று பொருள்.

கணக்கு எப்படித் திரும்புகிறது என்று காட்ட நானே எண்களை எடுத்துக்கொள்கிறேன். இவை எந்த ஆய்விலிருந்தும் வந்தவை அல்ல. நாற்பது வயதுக் கூலித் தொழிலாளிக்கு ஜவ்வு விலகி, கால் வழியே வலி இறங்குகிறது. வாழ்க்கைத் தரம் 0.4. அறுவை சிகிச்சை செய்தால் சீக்கிரமே 0.8க்கு வந்துவிடுவார். செய்யாவிட்டாலும் விலகிய ஜவ்வு தானாகச் சுருங்கி ஓர் ஆண்டில் அதே 0.8க்கு வந்து சேர்வார். அந்த ஆண்டின் சராசரி 0.6. ஆக அறுவை சிகிச்சையால் கிடைத்த லாபம் வெறும் 0.2 குவாலி. செலவு 60,000 ரூபாய் என்றால் ஒரு குவாலிக்கு 3 லட்சம். எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. இப்போது தண்டுவடம் நசுங்கிய நோயாளியை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை செய்தால் பத்தாண்டுகள் 0.6இல் நிற்கிறார். செய்யாவிட்டால் படிப்படியாகப் படுக்கைக்குப் போகிறார், சராசரி 0.35. லாபம் 2.5 குவாலி. செலவு 2.5 லட்சம் என்றாலும் ஒரு குவாலிக்கு 1 லட்சம்தான். விலை அதிகமான, ஆபத்தும் அதிகமான அறுவை சிகிச்சைதான் பணத்துக்கு அதிகப் பலன் தருகிறது. எதிர்காலப் பலனை ஆண்டுக்கு 3 விழுக்காடு குறைத்து மதிப்பிடுவது மரபு. அதைச் சேர்த்தாலும் முடிவு மாறாது.

அந்தக் கூலித் தொழிலாளியை விட்டுவிடாதீர்கள். அவர் ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை என்று வையுங்கள். நாளுக்கு 500 ரூபாய், மாதம் 25 நாள்: 75,000 ரூபாய் போயிற்று. அறுவை சிகிச்சை செய்திருந்தால் இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பியிருப்பார். 50,000 ரூபாய் மிச்சம். அதைக் கழித்தால் அறுவை சிகிச்சையின் நிகரச் செலவு 10,000 ரூபாய், ஒரு குவாலிக்கு 50,000. மருத்துவமனையின் கண்ணோடு பார்த்தபோது வீண் செலவாகத் தெரிந்தது, குடும்பத்தின் கண்ணோடு பார்க்கும்போது நியாயமாகிவிட்டது. யாருடைய பணத்தைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்காமல் எழுதப்படும் எந்தச் செலவு ஆய்வையும் நான் நம்புவதில்லை.

இதற்கு உண்மையான சான்றும் உண்டு. நெதர்லாந்தில் கடுமையான கால்வலி உள்ள 283 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே அறுவை சிகிச்சை, இன்னொரு குழுவுக்குப் பொறுத்திருந்து பார்ப்பது என்று செய்த ஆய்வு 2007இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 விழுக்காட்டினர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். அறுவை சிகிச்சை பெற்றவர்கள் சீக்கிரம் குணமானார்கள், அவ்வளவே. மறுஆண்டு வந்த செலவு ஆய்வு, விடுப்பு நாட்கள் குறைந்ததே அறுவை சிகிச்சையின் கூடுதல் செலவை ஈடுகட்டிவிடுகிறது என்றது. அங்கே நோயாளிக்கு விடுப்புச் சம்பளம் உண்டு. இங்கே ஓசூர் தொழிற்சாலையில் ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். மாசி, பங்குனியில் புளியமரம் ஏறி உலுக்குகிறவருக்கு என்ன கிடைக்கும்? ஒரே வலி, ஒரே ஸ்கேன் படம். இரண்டு குடும்பங்களின் கணக்கு மட்டும் வேறு வேறு. இதை ஐரோப்பிய ஆய்விலிருந்து எடுத்து ஒட்ட முடியாது. இங்கேதான் அளக்க வேண்டும்.

புளியமரத்தைச் சும்மா சொல்லவில்லை. மரத்திலிருந்து விழுவது, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுவது, தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்து: தண்டுவடக் காயத்துக்கு நம் பக்கத்தில் இவை முக்கியமான வழிகள். கல் குவாரியில் பாரம் தூக்குகிறவர்களின் இடுப்பும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் பெண்களின் இடுப்பும் தனிக் கதை.

இந்த இரட்டைத் தொழிலுக்கு முன்னோடிகள் யார் என்று நீங்கள் தேடினால் அமெரிக்காவின் ஜேம்ஸ் வைன்ஸ்டீன் பெயர் முதலில் வரும். முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணரான அவர் ஸ்போர்ட் என்ற பெரிய ஆய்வை நடத்தினார். 11 மாநிலங்களில் 13 மையங்கள், முதல் முடிவுகள் 2006இல் வந்தன. ஜவ்வு விலகலுக்கான அதன் ஒரு பகுதியில், யாருக்கு அறுவை சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல ஒதுக்கினார்கள்; அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் இரண்டு ஆண்டுகளில் 60 விழுக்காட்டினரே அதைச் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 45 விழுக்காட்டினர் செய்துகொண்டார்கள். வலி அதிகமானவர் காத்திருக்கவில்லை, வலி குறைந்தவர் மேஜைக்கு வரவில்லை. முடிவுகளைப் படிப்பதே சிக்கலாகிவிட்டது. நோயாளி ஆய்வின் விதிக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்பதை வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்தவர் முன்கூட்டியே எதிர்பார்ப்பார். ஸ்வீடனில் 247 பேரிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. தண்டுவடக் கால்வாய் குறுகியவர்களுக்கு அழுத்தத்தை மட்டும் நீக்கினாலும், கூடவே கம்பி, திருகாணி வைத்து இணைத்தாலும் பலன் ஒன்றுதான். இணைத்தால் செலவு மட்டும் கூடுகிறது என்று அது காட்டியது. நம் ஊரில் யாருக்குக் கம்பி வைக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆய்வு எனக்கு நினைவுக்கு வரும்.

ஆனால் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது இவை எதையுமல்ல, சென்னையில் நடந்ததை. 1956இல் தொடங்கப்பட்ட சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம், மருத்துவமனையில் படுக்கவைத்துக் கொடுத்த மருந்தையே வீட்டில் இருந்து சாப்பிட்டாலும் நுரையீரல் காசநோய் குணமாகிறது என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. பின்னர் முதுகெலும்புக் காசநோயிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள்: பெரிய அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவையா, நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டால் போதாதா? 1999இல் வெளியான பத்தாண்டுத் தொடர்ச்சி முடிவில், மருந்து மட்டும் சாப்பிட்டவர்கள் அறுவை சிகிச்சையும் பெற்றவர்களைவிட எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. கால் செயலிழப்பு, அதிகமான கூன் போன்ற நிலைகளில் அறுவை சிகிச்சை இன்றும் தேவை. மற்றவர்களுக்கு மாத்திரை போதும். குவாலி என்ற பேச்சே அந்த ஆய்வில் இல்லை. இருந்தும் எத்தனை ஏழைக் குடும்பங்களை அது கடனிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மருத்துவ அறிவும் செலவு பற்றிய அக்கறையும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இருக்கும் சான்று இது, பெருமையாகச் சொல்லலாம்.

இங்கே அளக்க வேண்டியவை பாடப்புத்தகத்தில் இருக்காது. வாழ்க்கைத் தரத்தை அளக்க ஈக்யூ-5டி என்ற வினாத்தாள் உலகமெங்கும் பயன்படுகிறது; தமிழிலும் இருக்கிறது. இந்திய மக்களின் விருப்பங்களை வைத்து அதற்கான மதிப்பெண் பட்டியலைச் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகத்தினர் உருவாக்கியிருக்கிறார்கள். நடமாட்டம், தன்னைப் பேணுதல், வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை என்று ஐந்து கேள்விகள். அதில் சம்மணமிட்டு உட்கார்வது இல்லை. குத்தவைத்து உட்கார்வது இல்லை. தலையில் சுமை வைத்து நடப்பது இல்லை. கீழ் முதுகில் இரண்டு மூன்று மட்டங்களைத் திருகாணி போட்டு இணைத்தபின் ஒரு பெண்மணி தரையில் உட்கார்ந்து கீரை ஆயவோ, நாற்றங்காலில் குனியவோ முடியாமல் போகலாம். வினாத்தாளில் அவருக்கு நல்ல மதிப்பெண் வரும். வீட்டில் அவர் வாழ்க்கை சுருங்கியிருக்கும். இந்தக் கேள்விகளைச் சேர்த்து, சோதித்து, நம் மக்களுக்கு ஏற்ற அளவுகோலை உருவாக்குவது மட்டுமே ஒருவருடைய முழு ஆராய்ச்சி வாழ்க்கைக்கும் போதும்.

செலவும் அப்படித்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012 முதல் இந்தப் பெயரில் தொடரும் திட்டம் எத்தனை குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது என்று எனக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அட்டை தொடாத செலவு ஒன்று இருக்கிறது. அஞ்செட்டியிலிருந்து பெங்களூருவுக்கோ சேலத்துக்கோ வாடகைக் கார். கூடவே இருக்கும் மகனின் கூலி. சாப்பாடு. முதல் ஸ்கேன் எடுக்க அடகு வைத்த நகைக்கு வட்டி. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை நிறுத்திய மகள். மருத்துவமனை பில்லில் இவை எதுவும் இல்லாததால் அரசின் புள்ளிவிவரத்திலும் சரியாக வருவதில்லை. நோயாளியிடம் இதை யார் கேட்பது? கட்டுப் பிரிக்கும்போது அவரோடு பேசிக்கொண்டிருக்கும் மருத்துவரிடம் அவர் சொல்வார். படிவத்தோடு வரும் புதியவரிடம், "எல்லாம் சமாளிச்சுக்கிட்டோம்" என்று முடித்துவிடுவார்.

மறுவாழ்வுச் செலவையும் மறக்காதீர்கள். தண்டுவடக் காயம் பட்டவருக்கு அறுவை சிகிச்சை ஒரு நாள். படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய், பிசியோதெரபி எல்லாம் ஆயுளுக்கும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், ஒரு பஸ் பயணத்தையும் இரண்டு பேரின் ஒரு நாள் கூலியையும் மிச்சப்படுத்துகிறார். அது எத்தனை படுக்கைப் புண்களைத் தடுக்கிறது, அதற்கு என்ன விலை என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய, விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான இன்னுயிர் காப்போம் திட்டமும் அப்படியே: தொப்பூரில் அடிபட்டவரின் கழுத்து அசையாமல் மருத்துவமனை வந்து சேர்ந்தால் எத்தனை பேர் நடந்து வீடு திரும்புகிறார்கள்?

பயணத்தின் நீளத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எம்.எஸ். எலும்பியல் மூன்று ஆண்டு. பிறகு தேசியத் தேர்வு வாரியத்தின் முதுகெலும்பு அறுவை சிகிச்சைப் பயிற்சி இரண்டு ஆண்டு. அல்லது நரம்பியல் அறுவை சிகிச்சை வழியாக வரலாம். எது நல்லது என்ற வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. தண்டுவடக் கட்டிகளில் ஆர்வம் என்றால் இரண்டாவது, காயம், கூன், காசநோய் என்றால் முதலாவது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் வளர்த்த முதுகெலும்புப் பிரிவைப் போய்ப் பாருங்கள். சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடப்பது எப்படி என்று புரியும். பொருளாதாரப் படிப்பைக் கடைசியில்தான் படிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். எம்.எஸ். ஆய்வுக் கட்டுரையையே செலவு ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம். முறையான பட்டத்துக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவின் பொதுச் சுகாதாரப் படிப்பும் மேலே சொன்ன சண்டிகர் கழகமும் இருக்கின்றன; வெளிநாடு என்றால் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்குத் தாய்வீடு. சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலேயே மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கான மண்டல மையம் இயங்குகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வி.ஆர். முரளிதரன் தமிழகச் சுகாதார அமைப்பைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர். அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள்.

வருமானம் குறையும். வாரத்தில் ஒரு நாளை ஆராய்ச்சிக்கு ஒதுக்கினால் அந்த நாளின் அறுவை சிகிச்சைகள் வேறொருவருக்குப் போகும்; தனியார் மருத்துவமனை நிர்வாகம் அதை விரும்பாது. அந்த ஒரு நாளை வேலையில் சேரும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பிறகு யாரும் தர மாட்டார்கள். கை பழகும் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் மட்டும் அறுவை அரங்கு முன்னால் நிற்கட்டும். தரமான அறுவை சிகிச்சை செய்யத் தெரியாதவர் போடும் கணக்குக்கு மரியாதை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

"பொம்பளைப் பிள்ளைக்கு எலும்பு டாக்டர் வேலை எதற்கு" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உடல் பலத்தால் நடக்கும் வேலை இல்லை இது. இன்றைய முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் தேவைப்படுவது பொறுமையும் நுண்ணோக்கிக்குக் கீழே நடுங்காத கையும். நம் பக்கத்துப் பெண்கள் இடுப்புவலியை ஆண் மருத்துவரிடம் பாதிதான் சொல்கிறார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் மீதியும் சொல்லப்படும்.

இந்த இரட்டை வேடத்தில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, கம்பி, திருகாணி விற்கும் நிறுவனங்கள் உங்களைத் தேடி வரும். 'செலவுக்கு ஏற்ற பலன்' என்று ஒரு மருத்துவர் எழுதினால் அதன் விற்பனை மதிப்பு அவர்களுக்குத் தெரியும். பயணச் செலவு, மாநாட்டுக் கட்டணம், ஆலோசனைத் தொகை எதையும் வாங்காதீர்கள். இதய ஸ்டென்ட்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017இல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. முதுகெலும்புச் சாதனங்கள் பற்றி அப்படி ஒரு பேச்சு வரும்போது, யாரிடமும் ஒரு ரூபாய் வாங்காத மருத்துவர் சொல்லும் எண்ணுக்குத்தான் எடை இருக்கும்.

இரண்டாவது ஆபத்து உள்ளே இருந்து வருவது. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பார்க்கும்போதே குவாலி கணக்குப் போட ஆரம்பிப்பது. கூடாது. அந்தக் கணக்கு திட்டம் வகுப்பதற்கு: காப்பீட்டில் எந்தச் சிகிச்சையைச் சேர்ப்பது, எந்த மாவட்டத்தில் எந்தக் கருவியை வைப்பது, எங்கே குழாய் போடுவது. எழுபது வயதுப் பெரியவர் கால் வராமல் என் முன்னால் வந்தால், அவருக்கு மிச்சமிருக்கும் ஆண்டுகளை நான் எண்ணுவதில்லை. அவர் தண்டுவடத்தைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. அவர் குடும்பத்திடம் செலவைப் பற்றி அறுவை சிகிச்சைக்கு முன்பே, முழுதாக, தமிழில், அவர்களுக்குத் தெலுங்கோ கன்னடமோ வசதி என்றால் அதில் சொல்ல வேண்டும். எவ்வளவு காப்பீட்டில் வரும், எவ்வளவு கையிலிருந்து போகும், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று மூன்றையும் சொன்னபின் அவர்கள் எடுக்கும் முடிவை மதிக்க வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடிவதற்குள் எலும்பியல் பிரிவில் இருக்கும் வாரங்களில் ஒரு சிறிய வேலையை எடுங்கள். தண்டுவடப் பாதிப்போடு சேர்க்கப்படும் ஒவ்வொருவரிடமும் கடந்த இருபது ஆண்டுகள் எந்தத் தண்ணீரைக் குடித்தார், எந்த ஊரில் இருந்தார், இங்கு வருவதற்கு முன் எங்கெல்லாம் போனார், கையிலிருந்து எவ்வளவு போயிற்று, அதில் எவ்வளவு கடன் என்று கேட்டு எழுதுங்கள். முன்கை எக்ஸ்ரே ஒன்று சேர்த்து எடுக்கச் சொல்ல உங்கள் பிரிவுத் தலைவரிடம் பேசுங்கள். நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு பெயரைக்கூட எழுதாதீர்கள். கட்டட வேலைக்கு பெங்களூரு போகும் குடும்பங்களின் கைபேசி எண் ஆறு மாதத்தில் மாறிவிடும். அதனால் ஊரிலிருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும், அந்தப் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரின் தொடர்பையும் முதல் நாளே வாங்கி வையுங்கள். ஓராண்டு கழித்து அவர்களைக் கண்டுபிடிக்க முடிந்தால்தான் இந்த வேலைக்கு மதிப்பு. நெறிமுறைக் குழுவுக்கான வரைவை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். செலவுப் பகுதியின் கேள்விகளை உட்கார்ந்து சேர்ந்து திருத்துவோம். குத்தவைத்து உட்கார்வது பற்றிய கேள்வியை அதில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.